தோங்குக்குச் சொந்த ஊர் கேட்டவர்

முதலில் ஆசிரியர் ஐயா என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்தை வாசிப்பது கஷ்டம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டும் என் பேனாவில் அண்ணன் தம்பி மாதிரி. ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு வருவான். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். நடந்ததை மட்டும் நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

இந்த ஜோகூர் மாநிலத்தில் தோங் இல்லாத வீடு அபூர்வம். தண்ணீர் பிடிப்பார்கள், கோழித் தீவனம் போட்டு வைப்பார்கள், கல்யாண வீட்டில் ஐஸ் போட்டுச் சர்பத் கலக்குவார்கள். ஆனால் ஒரு தோங்கின் முன்னால் நின்று, உனக்குச் சொந்த ஊர் எது, உன் தகப்பன் பெயர் என்ன என்று விசாரித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தோங் சார்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பீப்பாயைத்தான் இங்கே தோங் என்போம். யோங் பெங் ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய தோங் கடை இருக்கிறது. நான் அங்கேதான் வேலை செய்கிறேன். கிச்சாப்பு என்கிற சோயா சாஸும் சிரப்பும் வந்த காலி நீலத் தோங்குகளை லாரியில் கொண்டு வந்து இறக்குவார்கள். சோடாக் காரமும் சுடுதண்ணீரும் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, மறுபடி விற்போம். கடையில் சட்டம் ஒன்றுதான். வாசம் உள்ள தோங் கேட்டைத் தாண்டக் கூடாது. கழுவிய தோங்குக்குள் எங்கள் சரசு அக்கா தலையை விட்டு மூச்சை இழுப்பார். அக்கா உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் கழுவ வேண்டும். எங்கள் சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அந்தத் தவுக்கேயே அக்காவின் மூக்கை எதிர்த்துப் பேசியதில்லை.

ஊரில் தண்ணீர் வெட்டு வந்த ஒரு வாரத்தில்தான் சார் முதன்முதலில் வந்தார். யாழ்ப்பாணத்து வம்சம். நில அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒரு தோங்கைத் தட்டிப் பார்த்தார். நல்ல தோங். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தவுக்கேயிடம் மலாயில் கேட்டார்.

"இந்த 'தோங்' எந்த மொழிச் சொல்?"

"எங்க சொல்தான். சீனம்," என்றார் தவுக்கே.

சரக்கு ஏற்ற வந்திருந்த மலாய் லாரிக்காரர் சிகரெட்டைக் கீழே போட்டார். "எங்க சொல்லு அது. என் பாட்டன் காலத்துச் சொல்லு."

"டச்சுக்காரனும் ஏறக்குறைய இப்பிடித்தான் சொல்லுவான். அவனை என்ன செய்யிறது?" என்றார் சார்.

மூன்று பேரும் மத்தியானம் வரை பேசினார்கள். வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். சார் அந்தத் தோங்கை வாங்கவும் இல்லை. மறுநாள் காலையில் வந்து அதே தோங்கின்மேல் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். தவுக்கே ஒரு மாதம் பொறுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்த ஆளையும் சேர்த்துக் கணக்கு எடு. ஸ்டாக்கில் இருக்கான்."

நான் அதிகம் பேச மாட்டேன். யாராவது பெயர் கேட்டாலே எனக்குக் காது சுடும். சாருக்கு அதுதான் பிடித்திருந்தது. குறுக்கே பேசாத ஆள் கிடைப்பது கஷ்டம் என்பார். நான் தோங் கழுவுவேன், அவர் பேசுவார். 'பீப்பாய்' போர்ச்சுகல்காரன் கப்பலில் வந்த சொல் என்பார். அது தமிழ் இல்லை என்று கேட்ட அன்று எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சாருக்கு அதைவிட வருத்தம். அதை ஈடுகட்டுவதற்காகவோ என்னவோ, கண்ணில் பட்ட வேறு சொல்லையெல்லாம் தமிழுக்கு இழுக்கப் பார்த்தார். 'பஸ்' மட்டும்தான் பிடிவாதமாக வர மறுத்தது.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகன் ரவி சிங்கப்பூரில் கல்யாணம் செய்துகொண்டான். கூட வேலை பார்த்த பெண். பெயர் மிலா. பல்கேரியா என்ற நாட்டுக்காரர். பதிவுத் திருமணம். சார் போகவில்லை. மகன் போன் செய்தால், "ஓம், சுகம்" என்பார், வைத்துவிடுவார். மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் கல்யாணம் முடிந்த வாரத்திலேயே போனைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"தம்பி, பல்கேரியாவிலை தோங்குக்கு என்ன சொல்லுவினம் எண்டு நினைக்கிறீர்?"

சரசு அக்கா குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "அலமாக், சார். மருமக பேரு வாயில வர மாட்டேங்குது. மருமக ஊருத் தோங்கு பேரு மட்டும் வேணுமா?"

சார் அக்கா பக்கம் திரும்பாமல் போனை என்னிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் கடையில் வேறு பேச்சே கிடையாது. பல்கேரியரும் ரஷ்யரும் போலந்துக்காரரும் ஒரு காலத்தில் ஒரே மொழி பேசிய ஜனங்களாம். ஸ்லாவ் மக்கள் என்று பெயர். தானியமும் காய்கறியும் போட்டு வைத்த பெரிய தொட்டிக்கு அவர்கள் 'காதி' என்பது போல ஒரு சொல் வைத்திருந்தார்களாம். கடைசி இகரத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட வேண்டுமாம். சார் விழுங்கிக் காட்டுவார். புரையேறும். தண்ணீர் கொடுப்போம்.

அந்தச் சொல்லை அவர் எழுதும்போதெல்லாம் முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம் போடுவார். அது ஏன் என்று அக்கா கேட்டார்.

"அந்தக் காலத்து ஆக்கள் ஒண்டும் எழுதி வைக்கேல்லைப் பிள்ளை. இப்ப இருக்கிற பிள்ளை குட்டிச் சொல்லுகளை வரிசையிலை நிப்பாட்டிப் பாத்து, தாய்ச் சொல் இப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு படிச்ச ஆக்கள் கணிச்சிருக்கினம். ஒருத்தரும் கண்ணாலை பாக்கேல்லை. அதுக்குத்தான் நட்சத்திரம்."

"ஓ. பொண்ணையே பாக்காம ஜாதகம் எழுதுற மாதிரி," என்றார் அக்கா. "அவங்களாவது செத்துப் போன ஆளுங்கள பாக்க முடியல. நீங்க சிங்கப்பூருக்கு பஸ் ஏறுனா பாத்துரலாம்லா."

சார் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் தேடலை விடவில்லை. ஸ்லாவ் மக்கள் அந்தச் சொல்லைக் கிரேக்கரிடம் வாங்கினார்களாம். கிரேக்கர்கள் அதை அந்தப் பக்கத்துக் கடற்கரையில் ஜாடி ஜாடியாக வியாபாரம் செய்த யாரோ ஜனங்களிடம் வாங்கினார்களாம். ஜாடியோடு பெயரும் சேர்ந்து கப்பலேறியிருக்கிறது. அந்தக் கடற்கரைக்கு யார் கொடுத்தது? இந்தக் கேள்வி வந்த அன்றுதான் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"கடம்," என்றார். "தம்பி, கடம். எங்கட கடம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த வாரம் லாபிஸில் ஒரு கோயில் திருவிழா. கச்சேரிக்கு என்னையும் கூட்டிப் போனார். கடம் வாசிப்பவர் தனியாவர்த்தனத்தில் நல்ல வேகத்தில் இருந்தார். சார் நேரே மேடைக்கு ஏறிப் போய், அவர் மடியில் இருந்த கடத்தைத் தூக்கி அடியில் ஏதாவது முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். வித்துவானின் கைகள் இரண்டு தட்டு வெறும் வயிற்றில் தட்டிவிட்டுத்தான் நின்றன. கோயில் தலைவர் சாரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தார். "உங்க அப்பாவா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

பிறகு சார் ஐரோப்பாவில் ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. ஓசை ஒன்றாக இருந்தால் மட்டும் உறவு ஆகாது, எந்த வழியாக யார் கொண்டு போனார்கள் என்று காட்ட வேண்டும், அந்தக் கடற்கரைக்கு அப்பால் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று எழுதியிருந்தாராம். சார் அதை எனக்குச் சொல்லிவிட்டுப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"மகன்ர மனிசியோட என்னத்தைக் கதைக்கிறது, தம்பி?" என்றார் கடைசியில். "அந்தப் பிள்ளைக்கு எங்கட பாஷை தெரியாது. எனக்கு அதின்ர பாஷை தெரியாது. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சொல்லாவது இருந்தா அதைப் பிடிச்சுக்கொண்டு கதைக்கலாம் எண்டு பாத்தன்."

நான் சோடாக் காரத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். இத்தனை மாதம் அவர் எதைத் தேடினார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, சனிக்கிழமை ஒன்றில், கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ரவி இறங்கினான். பின்னாலேயே உயரமாக, வெயிலில் மூக்குச் சிவந்த ஒரு பெண். சார் தோங்கைவிட்டு இறங்கவில்லை.

"அப்பா, மிலாவுக்கு ஒரு தோங் வேணுமாம்," என்றான் ரவி. "அவங்க ஊருல குளிர் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு முட்டைக்கோஸ முழுசா உப்புத் தண்ணில ஊறப் போடுவாங்க. தீபாவளிக்கு நம்ம வீட்டுல எல்லாருக்கும் அதத்தான் குடுக்கணும்னு ஆசப்படுறா. எங்க பிளாட்டுல இடம் இல்ல."

சார் தொண்டையைச் செருமினார். மருமகள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தி, இகரத்தைப் பதமாக விழுங்கி, "காதி" என்றார்.

மிலா ரவியைப் பார்த்தார். ரவி தரையைப் பார்த்தான். சார் நீலத் தோங்கைத் தட்டி மறுபடியும் சொன்னார். அப்போதுதான் மிலா சிரித்து, அதே தோங்கைத் தட்டி, "பிதோன்" என்றார்.

பிளாஸ்டிக் தோங்குக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயராம். அதுவும் பிரெஞ்சுக்காரனிடம் வாங்கிய சொல்லாம். சார் சொன்ன பழைய சொல்லின் பேரப்பிள்ளை ஒன்று இன்னும் உயிரோடுதான் இருக்கிறதாம். ஆனால் அது மரத்தொட்டிக்கு மட்டும். மிலாவின் அப்பா வீட்டு நிலவறையில் ஒன்று கிடக்கிறதாம்.

"இத்தன மாசமா தேடி, மருமக வேற பேரு சொல்லிட்டாங்களே சார்," என்றார் சரசு அக்கா.

"பரவாயில்லை," என்றார் சார். ஒரு தகப்பன் மகளிடம் பேசுகிற குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நல்ல தோங்காப் பாத்து எடுங்கோ, தம்பி. அடியிலை குழாய் வைச்சது."

சார் வீட்டில் வெக்கை அதிகம் என்பதால் கடையின் பின்கொட்டகையில் வைத்தோம். மிலா சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோஸ்களை அடுக்கினார், உப்புத் தண்ணீர் ஊற்றினார், மேலே கல் வைத்தார். பிறகு சாருக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையில் கீழ்க்குழாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பினார்.

சார் சொற்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் கேட்டைத் திறக்கும் முன்பே வந்து நிற்பார். மழையானாலும் குடையோடு வருவார். பிடிப்பார், ஊற்றுவார். நான் வாளியை வாங்கப் போனால், "விடும். என்னட்டைத்தான் தந்தது," என்பார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நான் லாரியோடு தங்காக் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பினால், பின்கொட்டகையில் அந்தத் தோங் பளபளவென்று நிற்கிறது. எங்கள் கடையின் வரலாற்றில் அவ்வளவு சுத்தமாக ஒரு தோங் கழுவப்பட்டதில்லை. சரசு அக்கா என்னை ஓரமாக இழுத்தார்.

"காலையில மூடிய தொறந்தாரு. மேல வெள்ளையா ஆடை. ஒரே புளிச்ச நாத்தம். என்னய மோந்து பாக்கச் சொன்னாரு. போச்சு சார், கெட்டுப் போச்சுன்னேன். ஆடிப் போயிட்டாரு. நாளன்னைக்கி சொந்தக்காரங்க முன்னாடி அந்தப் புள்ள இத தொறந்தா சிரிப்பாங்களேன்னாரு. எல்லாத்தையும் கொட்டிட்டு அவரே கழுவுனாரு. கையுறை போடுங்கன்னேன், கேக்கல. கடைக்குப் போயி புது கோஸ் வாங்கி அடுக்கி உப்புத் தண்ணி ஊத்திட்டாரு. அந்தப் புள்ளகிட்ட மூச்சு விடாதீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வேற."

தீபாவளி அன்று சார் வீட்டில் நல்ல கூட்டம். லாபிஸிலிருந்து அவருடைய அக்காமார், அவர்கள் பிள்ளைகள். நானும் சரசு அக்காவும் அடுப்படிப் பக்கம் நின்றோம். தோங்கை முன்தினமே தள்ளுவண்டியில் கொண்டு வந்து கூடத்தில் வைத்திருந்தோம். மிலா புடவை கட்டியிருந்தார். எல்லாரையும் கூப்பிட்டு, மூடியைத் திறந்து, கையை விட்டு ஒரு கோஸை எடுத்தார்.

கல் மாதிரி இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தார். மோந்து பார்த்தார். வாசமே இல்லை. சரசு அக்காவின் மூக்கு அனுமதி கொடுத்த தோங் அல்லவா, எப்படி இருக்கும்?

"இது நான் வைத்தது இல்லை," என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவ்வளவு எனக்கும் புரிந்தது.

சார் எழுந்தார். "கெட்டுப் போச்சு எண்டு நினைச்சன், பிள்ளை. மணம் வந்திட்டுது. மேலை வெள்ளையா இருந்தது."

ரவி மொழிபெயர்த்தான். மிலா கண்ணை மூடிக்கொண்டார். அந்த மணம் வரத்தான் அத்தனை நாளும் வைத்ததாம். வெள்ளை ஆடையை வழித்துப் போட்டால் போதுமாம். அருமையாகப் பக்குவப்பட்டிருந்த கோஸைத்தான் சாக்கடையில் கொட்டியிருக்கிறார்.

ரவியின் முகம் மாறிவிட்டது. "கல்யாணத்துக்கு வரல. அவ பேர ஒரு தடவ கேக்கல. இப்ப மொத மொதல்ல இந்த வீட்டுக்குன்னு அவ செஞ்சதையும் கொட்டிட்டீங்க. புடிக்கலன்னா சொல்லிருக்கலாம்லப்பா. நாங்க வந்துருக்கவே மாட்டோம். மிலா, கிளம்பு."

உலகத்துத் தோங்குகளுக்கெல்லாம் பெயர் தெரிந்த மனிதர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மிலா கைப்பையை எடுக்கத் திரும்பினார். சரசு அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

அவ்வளவு பேர் இருக்கிற கூடத்தில் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. காது இரண்டும் நெருப்பாகச் சுட்டது.

"சார் கையப் பாருங்க," என்றேன். "தெனமும் அவருதான் ஊத்துனாரு. மழையிலயும் வந்தாரு. என்னயத் தொட விடல."

ரவி நின்றான். நான் சொன்னதை மிலாவுக்குச் சொன்னான். மிலா வந்து, பின்னால் ஒளித்திருந்த அந்தக் கைகளைப் பிடித்து முன்னே இழுத்தார். சோடாக் காரத்தில் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தன. பேனா பிடித்த கைகள். மிலா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரவியிடம் ஏதோ சொன்னார்.

ரவி கார்ச் சாவியை மேசையில் வைத்தான். "அடுத்த வருஷமும் உங்களத்தான் ஊத்தச் சொல்றா, அப்பா. நாத்தம் வந்தா சந்தோஷப்படணுமாம். யாரு மோந்து பாத்துச் சொன்னாலும் கொட்டக் கூடாதாம்."

"என் மூக்கத்தான்லா சொல்றாங்க," என்றார் சரசு அக்கா.

"ஓம், மிலா," என்றார் சார். "கொட்டமாட்டன்."

பெயரைச் சொல்லிவிட்டார். அதை யாரும் பெரிதாகக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. சரசு அக்கா அந்தக் கல்லுக் கோஸையெல்லாம் அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறுத்தார். உப்பு தூக்கலாக இருந்தது. எல்லாரும் ஆட்டிறைச்சிக் கறியோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

மறு வருஷம் நாற்றம் வந்தது. கடை முழுக்க வந்தது. தவுக்கே வாசலில் நின்று வியாபாரம் பார்த்தார். சரசு அக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார். சார் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து அந்த மணத்தை மல்லிகைப் பூ மாதிரி முகர்ந்துகொண்டிருந்தார். எலுமிச்சை ஊறுகாய் சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு அந்தக் கோஸ் ஒன்றும் அந்நியமாக இல்லை. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றைக்குத்தான் சாரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டேன். "அப்ப அந்தப் பழைய சொல்லு யாரோடது, சார்?"

"தெரியேல்லை, தம்பி. கடற்கரை வரைக்கும் போனன். அதுக்கு அங்காலை தண்ணி. எங்கட கடத்தையும் இழுத்துப் பாத்தன், வரேல்லை." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "இப்ப என்ர மருமகள் வீட்டு நிலவறையிலை இருக்குது. அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

இப்போது அவர் சிங்கப்பூரில் மகனோடு இருக்கிறார். பதினாறாவது மாடி. போன மாதம் மிலாவின் ஊருக்கு அவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நேற்றுக் காலையில் போனில் குரல் அனுப்பியிருந்தார். நிலவறையில் அந்த மரத்தொட்டியைக் கண்டாராம். பார்த்த சந்தோஷத்தில் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாராம். சம்பந்தி, உள்ளே கோஸ் இருக்கிறது இறங்கு என்று ஏசிவிட்டாராம். எந்தப் பாஷையில் ஏசினாலும் விளங்குகிறது தம்பி என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சரசு அக்காவுக்கும் போட்டுக் காட்டினேன். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

சார் உட்கார்ந்த நீலத் தோங் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நல்ல தோங். ஒரு கீறல் கிடையாது. வாங்க வருகிறவர்கள் நேரே அதைத்தான் கை காட்டுகிறார்கள். அது ஒழுகும் என்று சொல்லிவிடுகிறேன்.

யோங் பெங்,
மார்கழி நான்காம் நாள்.